மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எந்தக் கூடாரம்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது செயலாளர் சொன்னது ஒரே வரிதான். "மலையேற்றக் குழுப் பிள்ளைகள் கூடாரம் வாங்கப் பணம் கேட்கிறாங்க. ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. ஒண்ணோட விலைக்கு இன்னொண்ணு நாலு வாங்கலாம். எதை வாங்கறதுன்னு மத்தியானம் பொதுக்குழுவில் முடிவு பண்ணணும். நீதான் துணிக்காரனாச்சே, வந்து சொல்லு." துணிக்காரன்தான். இங்கே நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இருபத்தாறு வருஷமாகத் துணிக்குக் கோட்டிங் போடும் வேலைதான் பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற பழக்கமும் உண்டு. ஆகவே ரெண்டு பக்கமும் தெரியும் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

போன அக்டோபரில் நம் பிள்ளைகள் ஜவ்வாது மலைக்குப் போனார்கள். முறையாக அனுமதி வாங்கி, ஊருக்குப் பக்கத்தில்தான் தங்கினார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மழையும் காற்றும் வந்தது. அரை மணி நேரத்தில் மூன்று கூடாரம் படுத்துவிட்டது. கம்பு நெடுக்கப் பிளந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நனைந்த பையோடு பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடத் திண்ணையில் விடியும்வரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் திண்ணை இருந்தது, தப்பித்தார்கள். வருகிற மே மாதம் இமாச்சலம் போகப்போகிறார்கள். பதினோராயிரம் அடியில் திண்ணை கிடையாது. உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் உடல் வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது இங்கே இருக்கிற டாக்டர் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் இடம். கூடாரத்தின் மேல் 'இருவருக்கு', 'மூவருக்கு' என்று எழுதியிருப்பதை நம் ஊர் ஷேர் ஆட்டோக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஏறலாம், உட்கார முடியாது. அவர்கள் கணக்கு என்னவென்றால், படுக்கும் பாயின் அகலம் சுமார் 50 சென்டிமீட்டர். எத்தனை பாய் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கலாமோ அத்தனை பேர். ஐம்பது சென்டிமீட்டர் என்பது ரயில் ஸ்லீப்பர் பெர்த்தைவிடக் குறைச்சல். 130 சென்டிமீட்டர் அகலக் கூடாரத்தில் ரெண்டு பாய் போட்டபின் மிச்சம் ஒரு முழம்கூட இல்லை. மூட்டை எங்கே, ஈர ஜாக்கெட் எங்கே? அதனால் ரெண்டு பேருக்கு மூவர் கூடாரம், மூன்று பேருக்கு நால்வர் கூடாரம் என்று ஒன்றைக் கூட்டிக்கொள்வதுதான் என் வழக்கம்.

தரை அளவை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. குறுக்கே ரெண்டு கம்பு வளைத்துக் கட்டும் சாதாரணக் குடை வடிவக் கூடாரத்தில் சுவர் தரையிலிருந்தே உள்ளே சாய ஆரம்பித்துவிடும். ஆறடிப் பையன் படுத்தால் தலையும் காலும் சுவரை முட்டும். முட்டின இடத்தில் ஸ்லீப்பிங் பேக் நனையும். உங்கள் உயரத்துக்கு மேல் முப்பது சென்டிமீட்டராவது நீளம் வேண்டும். உச்சியில் இன்னொரு சிறு கம்பு குறுக்கே போட்டிருந்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும். அதே தரை அளவில் இருமடங்கு இடம் இருக்கிற மாதிரித் தோன்றும். ரெண்டு பக்கமும் கதவு இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியே போகிறவன் மற்றவன் வயிற்றை மிதித்துக்கொண்டு போக வேண்டாம். கதவுக்கு வெளியே துணி நீண்டு ஒரு சின்னத் தாழ்வாரம் மாதிரி இருக்கும். சேறு பட்ட ஷூ, மூட்டை எல்லாம் அங்கே. பழைய வீட்டில் திண்ணை இல்லாமல் யாராவது கட்டினார்களா?

இடம் கூடினால் எடை கூடும், அதையும் சொல்லணும். காரில் போய் இறங்கித் தங்குவதானால் எட்டுக் கிலோவானாலும் கவலையில்லை. முதுகில் சுமப்பதானால் தலைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளணும். மூன்று கிலோக் கூடாரம் என்றால் ஒருவன் துணியையும், இன்னொருவன் கம்பையும் முளையையும் எடுத்துக்கொள்வது. பிரித்துச் சுமந்தால் பெரிய கூடாரம் ஒன்றும் பாரமில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். துணியில் '20டி', '70டி' என்று போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். எண் பெரிதானால் நூல் தடிமன், அவ்வளவுதான். தடித்த நூல் எல்லாம் நல்ல நூல் ஆகிவிடாது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டமாகக் கொஞ்சம் தடித்த நூல் ஓடினால் அது ரிப்ஸ்டாப். முள் கிழித்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தில் நின்றுவிடும்.

நைலானா, பாலியெஸ்டரா? ஒரே எடைக்கு நைலான்தான் பலம். ஆனால் நைலான் காற்றிலிருந்தே எடையில் நான்கு சதவீதம்வரை ஈரம் உறிஞ்சும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அதனால் மழையில் நைலான் கூடாரம் தொய்யும். நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டணும். வெயிலையும் பாலியெஸ்டர் நைலானைவிடக் கூடுதலாகத் தாங்கும். நம் பிள்ளைகள் வருஷத்தில் பாதி நாள் தமிழ்நாட்டு வெயிலில்தான் பழகப்போகிறார்கள். பொதுக் கூடாரத்துக்கு, பல கை மாறும் கூடாரத்துக்கு, நான் பாலியெஸ்டர் பக்கம்.

அடுத்தது கோட்டிங். '3000 மி.மீ.' என்று போட்டிருந்தால், துணிக்கு மேல் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனபோது மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை கசியவில்லை என்று பொருள். லேபில் துணியை இறுக்கிப் பிடித்து அழுத்தம் கூட்டுவோம். மூன்று இடத்தில் துளி தெரிந்தால் நிறுத்திக் கணக்கெடுப்போம். மேல்துணிக்கு 1500 இருந்தாலே மழை தாங்கும். தரைத்துணிக்கு 3000 வேணும், ஏன்னா ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினால் அழுத்தம் அங்கேதான். இதில் ஒரு விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: அந்த எண் புதுத் துணியின் எண். சாதாரண பாலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரப்பதத்திலும் தானாகவே சிதையும். ஹைட்ராலிசிஸ் என்று நம் கெமிஸ்ட்ரி சார் நடத்தியிருப்பார். கடலோர ஊரில் ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்துப் பிரியுங்கள். பிசுபிசுவென்று ஒட்டும், வாந்தி நாற்றம் அடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. சிலிக்கான் பூச்சு இப்படிச் சிதையாது. அதோடு துணியின் கிழிபடும் வலுவையும் கூட்டும், பாலியூரித்தேன் குறைக்கும். ஆனால் ரெண்டு பக்கமும் சிலிக்கான் என்றால் தையலில் வழக்கமான டேப் ஒட்டாது, சிலிக்கான் பசையைக் கையால் தடவணும். மேல் பக்கம் சிலிக்கான், உள் பக்கம் பாலியூரித்தேன் என்று கலந்து வருவது நல்ல சமரசம். எதுவானாலும் கடைக்காரரிடம், "தையல் டேப்பைத் திருப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். மழை முக்கால்வாசி உள்ளே வருவது தையல் வழியாகத்தான்.

"சார், போன தடவை மழையே இல்லை, ஆனா உள்ளே சொட்டுச்சு" என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். அது மழை இல்லம்மா, உங்கள் மூச்சு. மூன்று பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராக இறங்கும். அதனால்தான் ரெட்டைச் சுவர்: உள்ளே கொசுவலைத் துணி, வெளியே மழைத் துணி, நடுவில் கையகல இடைவெளி. சொட்டு வெளித்துணியில் வழிந்து கீழே போய்விடும். மேலே காற்றுத் துவாரம் இருக்கணும், குளிருது என்று அதை மூடவும் கூடாது.

கம்பு விஷயத்தில் நான் பேரம் பேச மாட்டேன். ஜவ்வாதில் பிளந்தது கண்ணாடியிழைக் கம்பு. குளிரிலும் வயசிலும் அது நெடுக்கப் பிளக்கும், சிலாம்பு கையில் ஏறும். அலுமினியக் கம்பு வளையும். வளைந்த இடத்தில் ஒரு சாண் குழாயை மாட்டி டேப் சுற்றினால் ஊர் வந்து சேரலாம். குறைந்த விலைக் கொட்டேஷன் அடிபடுவது இந்த ஒரு இடத்தில்தான். அதன் துணி அவ்வளவு மோசமில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 1865-இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதலில் ஏறிய எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் தனக்கென்று ஒரு கூடாரம் வடிவமைத்தார். நாலு மரக்கம்பு, தரையோடு சேர்த்துத் தைத்த துணி. எடைதான் அதிகம், ஆனால் காற்றுக்கு நின்றது. 

பிள்ளைகளே, இது உங்களுக்கு. எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ கொளுத்தக் கூடாது. 2020 ஜனவரியில் நேபாளத்து டாமனில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் விடுதி அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள், எழுந்திருக்கவில்லை. அது அறை. உங்கள் கூடாரம் அதில் ஒரு மூலை அளவு. காய்ந்த ஓடைப் படுகையில், பட்ட மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள். யானை நடமாடும் காட்டில் துணிச் சுவர் சுவரே இல்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடார முகாமில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20 பேருக்கு மேல் இழந்தபின்தான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்தது. அனுமதி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கூடாரமும் நம் சங்கக் கூடாரம் இல்லை.

சரி, மத்தியானக் கணக்கு. பிள்ளைகள் கேட்டது இருவர் கூடாரம் பத்து. என் யோசனை, மூவர் கூடாரம் ஆறு. அலுமினியக் கம்பு, ரெண்டு கதவு, பாலியெஸ்டர் மேல்துணி. ஒன்றில் இருவர் என்று பன்னிரண்டு பேர் போகட்டும், இருபது பேர் இருந்தால் ரெண்டு அணியாகப் போகட்டும். ஆறு வாங்கவும் சின்னக் கொட்டேஷனைவிடக் கூடத்தான் ஆகும். அந்த வித்தியாசத்தை எங்கள் பேட்ச் கொடுக்கிறது என்று காலை இட்லி சாப்பிடும்போதே பேசிவிட்டோம். அதற்கு ரெண்டு நிபந்தனை. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ரிஜிஸ்டர் போடணும். மலையிலிருந்து வந்த மறுநாளே ஹாஸ்டல் மாடியில், நிழலில் உலர்த்தி, அந்தச் சின்ன உறையில் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வைக்கணும். வாஷிங் மெஷினில் போட்டதாகக் கேள்விப்பட்டால் நானே வந்து திருப்பி வாங்கிக்கொள்வேன்.

ரெண்டு கொட்டேஷனிலும் ஒவ்வொரு மாதிரிக் கூடாரத்தைக் கூடைப்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். பந்திக்குப் போகும் முன் ஷூவைக் கழற்றிவிட்டு மூன்று மூன்று பேராக உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள். தோட்டக்காரரிடம் ஹோஸ் பைப் கேட்டிருக்கிறேன், நீங்கள் உள்ளே இருக்கும்போது தண்ணீரும் அடிப்பார். வந்து சொல்லுங்கள், அதன்பின் கை தூக்கலாம்.