பத்தடிக் காம்பராவும் ஒரு மீட்டர் இடைவெளியும்



மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழும் இல்லங்களை நடத்துவோர் பெருந்தொற்றுக் காலத்தில் எந்த விதிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது இன்று இந்த ஆய்வரங்கில் நமக்கு உரிய பொருள். வெளிநாட்டு வழிகாட்டல்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். நோயுற்றவருக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் கொடுங்கள், பராமரிப்பாளர் ஓர் இல்லத்தில் மட்டும் வேலை செய்யட்டும் என்றன. நல்ல விதிகள்தான். ஆனால் பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலை வரை போனால், அப்படியோர் இல்லத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நடக்க முடியாதவரும், கண் தெரியாதவரும், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையும் இங்கே தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஊவா மாகாணத்தின் கூட்டு இல்லம் லயம்தான் என்று கொண்டே பேசுகிறேன்.

2020 பெப்ரவரி முதலாம் திகதி, கொரோனாத் தொற்றுப் பரவிய வூஹானிலிருந்து வந்த 33 மாணவர்களை நம் மாவட்டத்துத் தியத்தலாவை இராணுவ முகாமில்தான் தனிமைப்படுத்தினார்கள். வெளியார் யாரும் நெருங்காமல் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டார்கள். இடம் இருந்தால் விதி எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. மார்ச் 20 இல் நாடு முழுக்க ஊரடங்கு. கொழுந்து எடுக்க அனுமதி கிடைத்தது. ஒக்டோபரில் முகக்கவசமும் ஒரு மீட்டர் இடைவெளியும் வர்த்தமானியில் ஏறின. அதற்கு மூலச் சட்டம் 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். கப்பலேற்றும் முன் தமிழகத்து மண்டபம் முகாமில் நம் பாட்டன் பூட்டன்மாரை நிறுத்திவைத்துப் பரிசோதித்த காலத்துச் சட்டம் அது. தொற்று விதி இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனால் அன்று விதி எழுதியவர்கள் கவலைப்பட்டது நம் உடம்பைப் பற்றி அல்ல, துறைமுகத்தைப் பற்றி.

ஒரு லயக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பக்கவாதத்தில் விழுந்த தாய் கட்டிலில். அடுத்த வீட்டுச் சுவர் பொதுச்சுவர். பழைய லயங்களில் அது கூரை வரை எழும்பாது, அங்கே அடுப்புப் புகைந்தால் இங்கே இருமல். இஸ்தோப்பிலிருந்து பீலிக்குக் கல்படி, மழைக்காலத்தில் பாசி. சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைத்தாலும் மூலையில்தான் நிற்கும். மலசலகூடத்துக்குச் சுவரைத் தடவிக்கொண்டே போகும் பார்வையற்றவரிடம் எதையும் தொடாதீர்கள் என்று சொல்வது எப்படி? அங்கே வழிநெடுகக் கயிறு கட்டுவதும், அதை நாளுக்கு இருமுறை சவர்க்கார நீரால் துடைப்பதும் அல்லவா விதி? உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு முகக்கவசம் போட்ட மருத்துவ உத்தியோகத்தர் ஊமையாகிவிடுகிறார். எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு போதும். நான் பார்த்த எந்தச் சுற்றறிக்கையும் அதைக் கேட்கவில்லை.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இடவசதிகூட இல்லை, ஆள் வசதி. அந்தத் தாயைப் புரட்டிப் படுக்கவைப்பவள் மகள். மகள் வேலைக்குப் பிரட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். மகளுக்குத் தொற்று என்று அம்பியுலன்சில் ஏற்றிவிட்டால்? அக்காவும் தொடர்பாளர் என்று கதவடைத்துக் கொண்டிருப்பார். அந்த மணியிலிருந்து தாய்க்கு யார்? நமது விதித்தொகுப்பின் முதல் வரி கை கழுவுவதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு லயத்திலும் இப்படிப்பட்டவர் யார், அவரைப் பார்ப்பவர் யார், பார்ப்பவர் இல்லாவிட்டால் யார் என்ற பதிவேடுதான் முதல் வரி. தோட்ட மருந்தகத்தில் ஒரு பிரதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு பிரதி. தமிழில் இருக்கட்டும், சிங்களத்திலும் இருக்கட்டும்.

சரி, லயம் என்ற இந்த இல்லத்தை நடத்துபவர் யார்? நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். வீடமைப்புக்கும் நலன்புரிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் உண்டு. மாகாண சபைக்குச் சமூக சேவைத் திணைக்களமும் உண்டு. ஆபத்து வேளையில் மாற்றுத்திறனாளிகளைக் காப்பது அரசின் கடமை என்கிறது ஐ.நா. சமவாயத்தின் 11 ஆம் உறுப்புரை. இலங்கை அதை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. இத்தனை பேர் பொறுப்பிலிருந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் மீரியபெத்தையில் பார்த்தோம். விலகிப் போங்கள் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்தது; போக வீடு வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலைதான் சரிந்து வந்தது.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாற்றுப் பராமரிப்பாளராக ஒரு பெண் தாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அன்றைக்குச் சம்பளக் கணக்கில் அவளுக்குப் பேர் விழாது. அந்தப் பேரை யார் கணக்கில் போடுவது: கம்பனியா, நிதியமா, மாகாண சபையா? அதைச் சொல்லாத எந்த விதியும் பதிவேட்டோடு நின்றுவிடும். முதல் அமர்வில் கம்பனிப் பிரதிநிதிகள் பேச இருக்கிறார்கள். கட்டுரைகளை அப்புறம் வாசிக்கலாம்; இந்தக் கேள்விக்கு அவர்களே முதலில் பதில் சொல்லட்டும்.