ஓடையின் கரையில் இரண்டு மணி நேரம்



அசாமின் கிழக்குக் கோடியில் லிடோ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே தொடங்கி, பாங்சாவ் கணவாயைக் கடந்து, பர்மாவின் காடுகளூடே சீனத்தின் குன்மிங் நகர்வரை அமைக்கப்பெற்றதே ஸ்டில்வெல் சாலை. ஏறத்தாழ 1,736 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் 61 கிலோமீட்டரே நம் நாட்டு எல்லைக்குள் அடங்கும். 1942 டிசம்பரில் பணி தொடங்கிற்று. 1945 ஜனவரி 12ஆம் நாள் லிடோவினின்று புறப்பட்ட முதல் வண்டித்தொடர் பிப்ரவரி 4ஆம் நாள் குன்மிங்கை அடைந்தது. இப்பணியில் அமெரிக்கர் மட்டுமே 1,100 பேருக்கு மேல் மாண்டனர்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், அருணாசலப் பிரதேசத்திற்குரிய நுழைவு அனுமதி பெற்று, நாங்கள் நால்வர் ஜீப்பில் அவ்வழியே சென்றோம். நாம்போங்கை நோக்கிச் செல்கையில், கிளைத்தடம் ஒன்றில் காட்டோடை குறுக்கிட்டது. முந்திய இரவு பெய்த மழையால் நீர் கலங்கி ஓடியது. "முழங்காலளவுதானே, இறங்கிவிடலாம்" என்றார் எங்களுள் ஒருவர். அவ்வூர் ஓட்டுநரோ மறுமொழி கூறாமல் மூங்கிற்கழியுடன் நீரில் இறங்கினார். ஓசையின்றி நீர் ஓடிய இடத்தில் கழி இடுப்பளவு ஆழ்ந்தது. அகன்று சலசலத்த இடத்தில் கூழாங்கல் தட்டுப்பட்டது. ஆயினும் அங்கும் நீரின் வேகம் காலை இழுத்தது. அவர் கரையேறி, நீர்விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு அமர்ந்தார்.

இரண்டு மணி நேரத்தில் நீர் அக்கல்லை விட்டு ஒரு முழம் விலகிற்று. பின்னரே நான்கு சக்கரங்களையும் இயக்கி, தாழ்ந்த கியரில், சலசலத்த இடத்தின் வழியே ஒரே சீரான வேகத்தில் ஓட்டினார். நடுவில் கிளச்சை மிதிக்கவில்லை. விரைந்து பாய்ந்தால் நீர் எழும்பிக் காற்றுக்குழாய் வழியே எஞ்சினுள் புகும். அவ்வாறு புகின் எஞ்சினே முறியும். அக்கரை சேர்ந்ததும் பிரேக்கை மெல்லப் பலமுறை மிதித்து ஈரத்தைப் போக்கினார்.

அப்பொழுது எங்களுக்கு 1942ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியருள் நம் தமிழரும் பலர். வெவ்வேறு மலைவழிகளில் நடந்தவர்களுள் ஒரு சாரார் இக்கணவாய் வழியே வந்தனர். மழையில் பெருகிய ஓடைகளின் கரையில் அவர்களுக்குக் காத்திருக்க உணவில்லை. திரும்பிச் செல்ல ஊருமில்லை. எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர்.

காத்திருப்பது எங்களுக்குக் கிடைத்த பேறு. அதனைச் சலிப்பென்று எண்ணியதற்காக நாணியவாறே மேலே சென்றோம்.