விமானத்தில் ஓர் ஊசிமருந்து



நீரிழிவு நோயுற்ற தாய் ஒருத்தி, மகளைக் காணக் கனடாவின் ரொறன்ரோ நகருக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் அவள் உயிரைத் தாங்குவது இன்சுலின் என்னும் ஊசிமருந்து. ஊசியைக் கண்டால் அதிகாரிகள் மறிப்பார்களோ என அஞ்சி, அதனைப் பெரிய பெட்டியிற் புடைவைகளுக்கிடையே ஒளித்துவைக்கிறாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது.

விமானத்தின் பொதியறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோகக் கூடும். ஒருமுறை உறைந்த மருந்து, உருகிய பின்னரும் பயன்படாது. பெட்டி வழிதவறினாலோ மருந்தும் உடன் போய்விடும். ஆகையால் அது கைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.

அதிகாரிகள் தடுப்பரோ? 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி இலண்டனில் வெளிப்பட்டது. அதன் பின்னரே, 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கலங்களில் திரவம் கொண்டுசெல்லலாகாது என்னும் விதி பல நாடுகளிலும் பரவியது. அவ்விதியை வகுத்தோரும் நோயாளரின் மருந்துக்கு விலக்களித்தனர். எனவே மருந்தைப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அதன் பெட்டியிலேயே வைத்து, வைத்தியரின் கடிதத்தையும் உடன்கொண்டு, சோதனைக்கு முன்னரே அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொல்லுதலே முறை.

அத்தாய் செல்லும் ரொறன்ரோவிலேதான், 1922ஆம் ஆண்டு ஜனவரியில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் அந்நோய் கண்ட சிறுவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. அத்தகைய மருந்தைச் சுமப்பவர் அதனை ஒளிப்பானேன்?