மகள் கேட்கும் அனுமதி

 

நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். இன்று கியா பார்மில் கடை வைத்திருக்கும் நாம், தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கும் மகள் இங்கிலாந்து போகக் கேட்டால் தயங்குகிறோம். அகழ்ப்போரில் காயம்பட்டவரை மதீனாப் பள்ளிவாசல் கூடாரத்தில் கவனித்த ருஃபைதா அம்மையாரும் பெண்தானே?

பயமெல்லாம் ஏஜெண்டைப் பற்றித்தான். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்தில் மட்டும் 6.5, அடுத்து கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு. மூன்றையும் பிள்ளைதான் தேற வேண்டும்; எந்த ஏஜெண்டும் தேறித் தர முடியாது. வேலை தேடிக் கொடுக்கத் தாதியிடம் கட்டணம் வாங்கக் கூடாதென்பது இங்கிலாந்து அரசின் நெறிமுறை. ஆகவே ஏஜெண்டுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். அந்தக் காசை ஆங்கில வகுப்புக்குக் கொடுப்போம். ஒப்பந்தத்தை வரி விடாமல் படிப்போம். பிறகு துஆ செய்து வழியனுப்புவோம்.