ஆர்எக்ஸ் 100-க்குள் ஒரு ஆர்எக்ஸ் 135

மேலூர்ல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கார். "அண்ணே, ஆர்எக்ஸ் 100-ஐ கவர்மெண்ட் தடை பண்ணிட்டதாலதானே எல்லாரும் அதுல 135 பிளாக் மாட்டுறாங்க? மாட்டினா முப்பத்தஞ்சு பர்சென்ட் பவர் ஏறும்னு மெக்கானிக் சொல்றார், நிஜமா?"

தம்பி, ரெண்டுமே தப்பு.

முன்கதையை வேகமா முடிச்சிடுறேன். 1984-ல ஓசூர்ல இருந்து இந்த்-சுசுகி வந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்தது நம்ம மதுரையில பஸ் விட்ட டிவிஎஸ் குடும்பம். 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்துச்சு. அதே வருஷக் கடைசியில எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட ஆர்எக்ஸ் 100-ஐ இறக்குச்சு. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவும் சொச்சமும். அந்த வண்டியோட இழுவைக்கு இந்தக் கணக்கு போதும். "ஜப்பான் இரும்புண்ணே"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. முதல்ல வந்த வண்டிகளோட பாகங்கள் ஜப்பான்ல இருந்து வந்து இங்க கோக்கப்பட்டது வாஸ்தவம்தான். ஆனா வேகத்தைக் கொடுத்தது இரும்பு இல்ல, எடை குறைச்சல்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1996 ஏப்ரல்ல புது மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்துச்சு. ஆர்எக்ஸ் 100 நின்னது அதுக்கு முந்தின மார்ச்ல. டூ ஸ்ட்ரோக்கைத் தடை பண்ணி யாரும் உத்தரவு போடல. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 3.6 கிராமுக்கு மேல போகக்கூடாதுன்னாங்க. 2000-ல அது 2 கிராம் ஆச்சு. டூ ஸ்ட்ரோக்ல புதுசா உள்ள வர்ற பெட்ரோல் கலவையில ஒரு பங்கு, எரியாமலே எக்ஸாஸ்ட் வழியா வெளியேறிடும். அந்த வாசனையைத்தான் நாம ரசிச்சோம். அளவுக் கருவி அதைப் புகார்னு எழுதுச்சு.

யமஹா என்ன பண்ணுச்சு? ஸ்ட்ரோக்கை 50 மில்லிமீட்டர்லயே வச்சுக்கிட்டு, போரை 50-ல இருந்து 58 ஆக்குச்சு. 132 சிசி. சைலன்சர்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதான் ஆர்எக்ஸ் 135. கம்பெனி சொன்ன கணக்கைப் பாருங்க: நாலு கியர் 135-க்கு 12 குதிரைத்திறன். சிசி சுமார் முப்பத்தஞ்சு பர்சென்ட் கூடியும், பவர் கூடினது ஒரே ஒரு குதிரை! அஞ்சு கியர் வண்டிக்கு 14.

நம்ம ஊர்ப் பட்டறைகளோட விளையாட்டு இங்கதான் ஆரம்பிக்குது. ஸ்ட்ரோக் ஒண்ணுதான், அதனால 135-ஓட பேரல், பிஸ்டன், ஹெட்டைக் கழட்டி 100-ல ஏத்துவாங்க. கேட்க சுலபம். ஆனா 58 போர் பேரலோட லைனர், 100-ஓட கிராங்க் கேஸ் வாயில இறங்காது. கேஸை இறக்கி, லேத்துல பிடிச்சு, வாயை விரிக்கணும். சென்டர் ஒரு நூல் விலகினாலும் லைனர் நேரா உக்காராது. பிஸ்டன் கனம் கூடுறதால கிராங்க்கோட பேலன்ஸ் மாறும், ஹேண்டில் பார்ல கை மரத்துப்போற அளவுக்கு நடுக்கம் வரும். அதனால 135 கிராங்க்கையே சேர்த்து மாட்டுற கெட்டிக்கார மெக்கானிக்கும் உண்டு.

முக்கியமான இடம் இதுதான், கவனிங்க. நாலு ஸ்ட்ரோக்ல கேம் ஷாஃப்ட் செய்யிற வேலையை டூ ஸ்ட்ரோக்ல பேரல் சுவர்ல இருக்கிற போர்ட் செய்யுது. எந்த நேரத்துல திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்ங்கிறது அந்த ஓட்டையோட உயரத்துல இருக்கு. அப்ப பேரல் மாத்துறீங்கன்னா சிசியை மட்டும் மாத்தல, இன்ஜினோட குணத்தையே மாத்துறீங்க. எக்ஸாஸ்ட் போர்ட்டை ஃபைல் போட்டு உயர்த்தினா மேல் ஆர்பிஎம்ல பவர் கூடும், டவுன்ல ரெண்டாம் கியர்ல இழுக்காது. சைலன்சரும் ஒரு பாகம்தான்: அதோட கூம்பு வடிவத்துல மோதித் திரும்பி வர்ற அழுத்த அலை, வெளியே ஓடப்பார்க்கிற கலவையை மறுபடி உள்ள தள்ளும். பேரல் 135-ஓடது, சைலன்சர் 100-ஓடது, கார்பரேட்டர் ஜெட் யார் வீட்டுதோன்னு கோத்துட்டு முப்பத்தஞ்சு பர்சென்ட் எங்கேன்னு கேட்டா எப்படி? பழைய ஜெட்டோட பெட்ரோல் பத்தாம, சித்திரை வெயில்ல நத்தம் ரோடு மேம்பாலத்துல முறுக்கினா, ஏழு கிலோமீட்டர் பாலம் முடியறதுக்குள்ள பிஸ்டன் பிடிச்சுக்கும். ஏர் கூல்டு இன்ஜின், அதுக்கு மதுரை மே மாசம் இரக்கம் காட்டாது.

எனக்கு ஆத்திரமே வேற ஒண்ணு. 135-ஐ யாரும் ஒரு வண்டியாவே மதிக்கல. கன்வெர்ட்டரைச் சுமந்து, இறுகிக்கிட்டே போன விதிகளோட மல்லுக்கட்டி, 2005 வரைக்கும் தாக்குப்பிடிச்ச வண்டி அது. அதை இன்னிக்கு என்ன பண்றோம்? நல்லா ஓடிக்கிட்டிருந்த 135-ஐப் பிரிச்சுப்போட்டு, '100'ன்னு பேர் இருக்கிற வண்டிக்குப் பாகம் எடுக்கிறோம். விலையும் பேரும் அதுக்கு, பிளாக் இதோடது! அந்த 11 குதிரை வேணும்னா, நல்ல 50 போர் பேரலைத் தேடி, சரியான பிஸ்டன் போட்டு, போர்ட்டைக் கம்பெனி அளவுல வச்சு ஓட்டினாலே கிடைக்கும். என் கட்சி அதுதான்.

இன்னொண்ணு. ஆர்சி புக்ல 98 சிசின்னு இருக்க, உள்ள 132 ஓடுதுன்னா அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து விலகி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2019 ஜனவரியில தீர்ப்புல சொல்லியிருக்கு. விபத்துன்னு ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்கிறது அந்த புக்கைத்தான்.

பந்தயத்துக்குத்தான்னா டிராக்குக்குக் கொண்டுபோங்க. ரோட்டு வண்டின்னா, மேலூர்த் தம்பி, வீட்டுல ஓடுற நிலையில 135 ஏதாவது இருந்தா அதைப் பிரிக்காதீங்க. கார்பரேட்டரைக் கழுவி, ஆயில் பம்ப்பைப் பாத்து, அதையே ஓட்டுங்க.