எஸ்மேயின் கைக்கடிகாரம்

இரண்டாவது உலக மகாயுத்தத்தைப் பற்றி அமெரிக்காவிலே தோன்றிய கதைகளுட் பல போர்க்களத்தையே வருணிப்பன. ஜே. டி. சலிஞ்சர் 1950இல் எழுதி வெளியிட்ட ‘எஸ்மேக்கு, அன்புடனும் அவலத்துடனும்’ என்னும் சிறுகதையோ, போர்க்களத்தைக் காட்டாமலே அது உள்ளத்திற் செய்த அழிவைக் காட்டுகிறது.

சலிஞ்சர் அவ்வழிவை அறிந்தவர். 1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய படையினருள் அவரும் ஒருவர். 1945இல், போர் ஓய்ந்த பின்னர், மனம் தளர்ந்து ஜேர்மனியில் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றார்.

கதையின் முற்பகுதியில் இங்கிலாந்துத் தேநீர்ச்சாலை ஒன்றிலே ஒரு சந்திப்பு நிகழ்கிறது. எஸ்மேக்கு வயது ஏறக்குறைய 13. தந்தையைப் போரிற் பறிகொடுத்தவள். அவருடைய பெரிய கைக்கடிகாரத்தை அணிந்திருக்கிறாள். முன்பின் அறியாத அமெரிக்க வீரனொருவனுடன் பெரியவள்போல் உரையாடி, அவன் அறிவும் உணர்வும் குலையாது மீளவேண்டுமென வாழ்த்துகிறாள்.

யுத்தம் முடிகிறது. வீரனோ குலைந்துவிட்டான். கை நடுங்குகிறது, தான் எழுதியதைத் தானே வாசிக்க இயலவில்லை. பிரிக்கப்படாது கிடந்த பொதியொன்றில் எஸ்மேயின் கடிதமும் அந்தக் கடிகாரமும் இருக்கின்றன. வழியிற் கண்ணாடி உடைந்துவிட்டது. அது இன்னும் ஓடுமோ என்று பார்க்கவும் அவனுக்குத் துணிவில்லை. ஆயினும் நெடுநேரத்தின் பின் அவனுக்கு உறக்கம் வருகிறது.

அவன் நோய் தீர்ந்ததென்று சலிஞ்சர் கூறவில்லை. தந்தையின் நினைவாகத் தன்னிடம் எஞ்சியிருந்ததையே அச்சிறுமி ஈந்தாள். யுத்தத்தால் இழந்தவள் ஒருத்தியின் அன்பே, யுத்தத்தால் இழந்தவன் ஒருவனுக்கு ஓர் இரவின் அமைதியைத் தந்தது.