மடிக்கணினிக்கு ஒரு விசிறி

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலும் அக்கருவி புகுந்தது. சித்திரை வெயிலில் அது கொதிப்பதையும், வேகங்குன்றித் தள்ளாடுவதையும் பலர் கண்டிருப்பீர்கள். பழுதென்று அஞ்ச வேண்டா. சூடு மிகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இதற்குத் துணைவிசிறி ஒன்றை வீட்டிலேயே அமைக்கலாம். பழைய கணினிப் பெட்டியிற் கிடைக்கும் விசிறி பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கு உரியது, யு.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ட். சில மெல்லச் சுழலும். சில அசையவே மாட்டா. ஆகவே 5 வோல்ட் விசிறியையே வாங்குங்கள். அது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்காததாக இருத்தல் வேண்டும். கம்பிகளை மாற்றி இணைத்தல் ஆகாது. இணைத்த பின் முதலில் கைப்பேசி மின்னேற்றியிற் செருகிச் சோதிப்பது அறிவுடைமை.

பலகையில் வட்டமாகத் துளையிட்டு விசிறியைப் பொருத்தி, நான்கு மூலைகளிலும் இரண்டங்குலக் கட்டைகளை ஒட்டுக. கருவி அடிப்புறத்தில் காற்றை உள்ளிழுப்பதாயின், விசிறி மேல்நோக்கி வீச வேண்டும். இல்லையேல் இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

அறைக்காற்று 40 டிகிரி செல்சியஸாக இருந்தால், எவ்விசிறியும் கருவியை அதற்குக் கீழே குளிர்விக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோரங்களில் தூசியும் துளைகளை அடைக்கும். மென்தூரிகையால் அதை நீக்குக. தலையணைமேல் வைத்துப் படிப்போர்க்கோ பெரும்பாலும் விசிறியே வேண்டா. வெறும் பலகை போதும்.